புகார் எந்தப் பெட்டிக்குப் போகிறது?



கார் வாங்கியவர்கள் சொல்லும் குறைகளைப் பற்றி, குறிப்பாக உயிரோடு சம்பந்தப்பட்ட குறைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேச ஆரம்பித்தால் ஏசி குளிரவில்லை என்பதில் தொடங்கி எங்கெங்கோ போய்விடும். அதனால் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். செவ்ரலே கோபால்ட். இந்தியாவில் அது விற்கப்படவே இல்லை. ஆகவே வாசலில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் வண்டியை நினைத்து இங்கே யாரும் பதற வேண்டாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2005 மாடலாகக் கொண்டுவந்த சிறிய கார் அது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லார்ட்ஸ்டவுன் ஆலையில் தயாரானது. விலை குறைவு. வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களும், பிள்ளைக்கு முதல் கார் வாங்கித் தரும் பெற்றோரும் தேடிய வண்டி. அதற்கு முன்பே, 2003 மாடலாக, அதே நிறுவனத்தின் சாட்டர்ன் அயான் வந்திருந்தது. இரண்டுக்கும் சாவி போடும் இடத்தில் ஒரே ஸ்விட்ச்.

வாங்கியவர்கள் சொன்ன குறை மிக எளிமையானது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகிவிடுகிறது. நெடுஞ்சாலையில் போகும்போது ஆஃப் ஆனது, பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஆஃப் ஆனது, முழங்கால் பட்டதும் ஆஃப் ஆனது. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு ஒன்று இருக்கிறது. வாகனப் பாதுகாப்புச் சட்டம் 1966-இல் வந்த பிறகு, 1970-இல் இன்றைய பெயரில் உருவானது. கார் வைத்திருக்கும் யாரும் அதற்கு எழுதலாம். பிற்பாடு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எண்ணிப் பார்த்தபோது, பதினோரு வருடங்களில் இந்த வகைக் கார்கள் திடீரென்று நின்றுபோவதாக 260-க்கும் மேற்பட்ட புகார்கள் அங்கே வந்து கிடந்தது தெரிந்தது. யாரும் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது அந்த ஸ்விட்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று ஓர் இடத்தில் உட்காருகிறதே, அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஒரு சின்ன முனையும் அதன் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங் அந்த முனையைத் தள்ளி ஒரு பள்ளத்தில் பதிய வைக்கிறது. அந்தப் பள்ளத்திலிருந்து சாவியை நகர்த்த எவ்வளவு முறுக்கு விசை வேண்டும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்திருந்த அளவு 20 நியூட்டன் சென்டிமீட்டர். ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம். டெல்ஃபை நிறுவனம் செய்து கொடுத்த ஸ்விட்ச் அந்தக் குறைந்தபட்ச 15-ஐயே தொடவில்லை. அது தெரிந்தே 2002-இல் ஜெனரல் மோட்டார்ஸின் பொறியாளர் ஒருவர் அதற்கு ஒப்புதல் கொடுத்தார். அந்த நாட்களில் அவர் எழுதிய ஒரு மின்னஞ்சலில், நரகத்திலிருந்து வந்த இந்த ஸ்விட்சால் களைத்துப்போனவன் என்று தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அவருடைய களைப்பு முறுக்கு விசையைப் பற்றியதல்ல, அதே ஸ்விட்சின் மின்சாரக் கோளாறுகளைப் பற்றியது. அவற்றைச் சரிசெய்வதற்கே அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஸ்விட்ச் இளகலாக இருந்ததோடு, ஸ்டியரிங் தண்டில் தாழ்வான இடத்தில், முழங்கால் உரசும் தூரத்தில் வேறு இருந்தது. சாவியின் தலையில் வளையம் மாட்டும் துளை நீளவாக்கில் இருந்தது. அதனால் கொத்தாகத் தொங்கும் சாவிகள் அந்தத் துளையின் ஓரத்துக்கு நகர்ந்து நெம்புகோல்போல் இழுத்தன. பள்ளத்தில் வண்டி குலுங்கினால், வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, பீரோ சாவியின் எடையே கார்ச் சாவியைத் திருப்பிவிடும். ஓடும் நிலையிலிருந்து, ரேடியோ மட்டும் கேட்கும் 'அக்சஸரி' நிலைக்கு அது வந்துவிடும்.

இது கார் சந்தைக்கு வந்த கையோடு நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுடைய சோதனை ஓட்டத்திலேயே வண்டி நின்றது. 2004 நவம்பரில் உள்ளுக்குள் ஒரு கோப்பு திறந்தார்கள். 2005 மார்ச்சில் மூடினார்கள். மூடியதற்கு எழுதிவைத்த காரணம்: மாற்றம் செய்யக் காலம் பிடிக்கும், செலவு அதிகம், சொல்லப்பட்ட தீர்வுகள் எதுவும் வியாபாரக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஒரு ஸ்விட்சுக்கு ஆகக்கூடிய கூடுதல் செலவு ஒரு டாலருக்கும் குறைவு என்பது பின்னால் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது.

அதே 2005-இல் பத்திரிகைகளில் காரை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்களும் இதைச் சொன்னார்கள். நியூயார்க் டைம்ஸில் எழுதியவரின் மனைவி ஓட்டிக்கொண்டிருந்தபோது, முழங்கால் ஸ்டியரிங் தண்டில் பட்டு வண்டி நின்றுபோனது. அதற்கு நிறுவனம் சார்பில் வந்த விளக்கம் இதுதான்: எஞ்சின் நின்றாலும் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும், பிரேக் பிடிக்க முடியும், நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி ஸ்டார்ட் செய்ய முடியும், ஆகவே இது பாதுகாப்புப் பிரச்சினை ஆகாது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். என் பேச்சு முழுவதும் இந்த ஓர் இடத்தைச் சுற்றித்தான்.

பெரிய நிறுவனத்துக்கு வரும் புகார் முதலில் ஒரு பெட்டிக்குப் போகிறது. பெட்டியின் மேல் பெயர் எழுதியிருக்கும். 'பாதுகாப்பு' என்று எழுதிய பெட்டிக்குப் போனால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அமெரிக்கச் சட்டப்படி, பாதுகாப்புக் குறை என்று தெரிந்த ஐந்து வேலை நாளுக்குள் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். பணம் கேட்டால் கேள்வி கேட்காமல் வரும். 'வாடிக்கையாளர் வசதி' என்று எழுதிய பெட்டிக்குப் போனால் கடிகாரம் இல்லை. கதவுப் பிடி கிறீச்சிடுவதும், கோப்பை வைக்கும் இடம் ஆடுவதும் இருக்கிற பெட்டி அது. அங்கே போன ஒவ்வொன்றும் செலவுக் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். கோபால்ட்டின் ஸ்விட்ச் அந்த இரண்டாவது பெட்டிக்குப் போனது. பத்து வருடம் அங்கேயே கிடந்தது.

போட்டவர்கள் கொடியவர்களா என்றால், அப்படித் தோன்றவில்லை. எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக்குக்கு ஒன்றிரண்டு முறை மிதிக்கும் அளவுக்கு உதவி மிச்சமிருக்கும், பிறகு பெடல் கல்லாகிவிடும். திறமையான ஓட்டுநர், நேரான சாலை, பட்டப்பகல் என்றால் ஓரம் கட்டிவிடலாம். இவ்வளவும் கணக்கில் இருந்தது. கணக்கில் இல்லாதது ஒன்று: சாவி அக்சஸரி நிலைக்கு வந்தால் ஏர்பேக்குக்கு மின்சாரம் நின்றுவிடும். மோதினாலும் அது விரியாது. அந்தக் காரை அப்படி வடிவமைத்தது இதே நிறுவனம்தான். ஆனால் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஏர்பேக் தெரியவில்லை. ஏர்பேக் ஏன் விரியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த இன்னொரு பிரிவினருக்குச் சாவி தெரியவில்லை. இரண்டு மேசைக்கும் நடுவே எத்தனை அடி தூரமோ.

2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. குட்டையான ஓட்டுநர்களுக்கும் கனமான சாவிக்கொத்து வைத்திருப்பவர்களுக்கும் இப்படி வண்டி நிற்கலாம். தேவையற்ற சாவிகளைக் கழற்றச் சொல்லுங்கள். சாவித் துளையைச் சிறிதாக்கும் ஒரு செருகலைக் கேட்டால் கொடுங்கள் என்று. கேட்டால் மட்டும். எடை குறைந்த சாவிக்கொத்தோடு வந்து வாங்கிக்கொள்ள வேண்டிய பொறுப்பு வாடிக்கையாளருக்கு. முழங்காலின் உயரத்தையும் அவரே சரிசெய்துகொள்ள வேண்டும் என்று எழுதாதது ஒன்றுதான் குறை.

2006 அக்டோபரில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கோபால்ட் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. மூன்று இளம்பெண்கள் இருந்தார்கள், இருவர் இறந்தார்கள். ஏர்பேக் விரியவில்லை. விசாரித்தவர் மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த ஒரு போலீஸ்காரர். காரில் பதிவாகியிருந்த தரவு, சாவி அக்சஸரி நிலையில் இருந்ததைக் காட்டியது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பிறர் இதேபோல் அனுப்பியிருந்த புகார்களைத் தேடிப் படித்தார். ஜெனரல் மோட்டார்ஸின் அந்த டிசம்பர் சுற்றறிக்கையையும் எடுத்துப் பார்த்தார். சாவி நகர்ந்ததாலேயே ஏர்பேக் விரியாமல் போயிருக்கலாம் என்று 2007 பிப்ரவரியில் தன் அறிக்கையில் எழுதினார். அரசு அமைப்பின் சார்பில் அதே விபத்தை ஆராய்ந்த இண்டியானா பல்கலைக்கழகக் குழுவும் 2007-இல் இதே தொடர்பைக் குறிப்பிட்டது.

பல்லாயிரம் பொறியாளர்கள் வேலை செய்த நிறுவனத்தால் சேர்க்க முடியாத இரண்டு நுனிகளை, காரின் தரவையும் பொதுவில் கிடைத்த காகிதங்களையும் வைத்து ஒரு போலீஸ்காரர் சேர்த்துவிட்டார். அவருக்குப் பெட்டிகள் கிடையாது என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவர் முன்னால் இருந்தது ஒரு முழு விபத்து. நிறுவனத்தில் யார் முன்னாலும் முழு விபத்து இல்லை. அந்த அறிக்கையின் பிரதி நிறுவனத்தின் கோப்புகளிலேயே வருடக்கணக்கில் இருந்தது.

அரசு அமைப்பையும் விட்டுவிடக் கூடாது. 2007-இல் அங்கே ஓர் அதிகாரி, இந்தக் கார்களில் ஏர்பேக் விரியாததைப் பற்றி முறையான விசாரணை தொடங்கலாம் என்று முன்மொழிந்தார். வேண்டாம் என்று முடிவானது. மற்றக் கார்களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை தனித்துத் தெரியவில்லையாம். 2010-இல் மறுபடி பார்த்து மறுபடி விட்டார்கள். இங்கேயும் அதே கதைதான். 'வண்டி நின்றது' என்று வந்த புகார்கள் ஒரு பக்கம், 'ஏர்பேக் விரியவில்லை' என்று வந்தவை ஒரு பக்கம். இரண்டையும் கூட்டிப் பார்த்திருந்தால் எண்ணிக்கை வேறாகத் தெரிந்திருக்கும்.

இதற்கு நடுவே நடந்த ஒரு காரியம்தான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மன்னிக்கக் கடினமானது. 2006 ஏப்ரலில், 2002-இல் ஒப்புதல் கொடுத்த அதே பொறியாளர், ஸ்விட்சை மாற்றுவதற்கும் ஒப்புதல் கொடுத்தார். முனை ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக நீண்டது. ஸ்பிரிங் கூடுதலாக அழுந்தியது. சாவி கெட்டியாக உட்கார்ந்தது. நல்லதுதானே? ஆனால் பாகத்தின் எண் மாறவில்லை. பழைய ஸ்விட்சுக்கும் புதியதற்கும் ஒரே பார்ட் நம்பர். கடைக்காரரிலிருந்து உதிரிபாகக் கிடங்குக்காரர் வரை எல்லாருக்கும் தெரியும், உருவம் மாறினால் எண் மாற வேண்டும். அது தொழிலின் அடிப்படை ஒழுக்கம்.

விளைவு என்ன? ஏர்பேக் பிரிவினர் விபத்துகளை வருடவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, 2007 மாடலுக்குப் பிறகு இந்தக் கோளாறு மறைந்துவிடுவது தெரிந்தது. ஏன் மறைகிறது என்று புரியவில்லை. ஸ்விட்சில் ஏதும் மாறியதா என்று கேட்டால், இல்லை என்று பதில். ஆவணமும் இல்லை என்றே சொன்னது. 2012-இல் நிறுவனத்தின் ஆய்வாளர் பழைய கார்கள் குவிந்து கிடக்கும் இடத்துக்குப் போய், தூண்டில் சாமான் விற்கும் கடையில் மீன் நிறுக்கும் தராசு ஒன்றை வாங்கி, சாவி திரும்ப எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து பார்த்திருக்கிறார். உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றுக்கு, தன் சொந்த ஸ்விட்சின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள மீன் தராசு தேவைப்பட்டது. பழைய கார்களுக்கும் புதிய கார்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அந்தத் தராசு சரியாகத்தான் சொன்னது.

விடை வெளியிலிருந்து வந்தது. 2010 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு நர்ஸ், தன் 29-ஆவது பிறந்தநாளன்று, மழை பெய்த மாலையில் 2005 கோபால்ட்டை ஓட்டிப் போனார். அதற்குச் சில நாள் முன்புதான் வண்டி ஓடும்போதே நின்றுபோகிறது என்று டீலரிடம் விட்டிருந்தார். எரிபொருள் செலுத்தும் பகுதியைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிய மறுநாள் வண்டி கட்டுப்பாடு இழந்து, எதிரே வந்த கார் பக்கவாட்டில் மோதி, அவர் இறந்தார். மழையில் அதிக வேகம் என்று போலீஸ் குறிப்பு சொன்னது. பெற்றோர் ஏற்கவில்லை. பதிவுத் தரவில், மோதலுக்குச் சில விநாடி முன்பு சாவி அக்சஸரிக்கு மாறியிருந்தது.

அவர்களுடைய வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர் ஒருவர், டீலரிடம் சுமார் 30 டாலருக்குப் புது ஸ்விட்ச் ஒன்றை வாங்கினார். விபத்தான காரின் ஸ்விட்சையும் அதையும் எக்ஸ்ரே எடுத்தார், பிரித்து அளந்தார். ஒரே எண், இரண்டு பொருள்கள். 2013 ஏப்ரலில் அந்த ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளரை விசாரணையில் உட்கார வைத்து இரண்டையும் காட்டினார்கள். அப்படியொரு மாற்றத்துக்குத் தான் ஒப்புதல் கொடுக்கவில்லை என்றார் அவர். அவர் கையெழுத்திட்ட தாளை டெல்ஃபை பிறகு கொடுத்தது.

2014 ஜனவரியில் மேரி பாரா நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பிப்ரவரியில் திரும்பப் பெறும் அறிவிப்பு. அதுவும் தவணை முறையில்: முதலில் ஒரு தொகுதி, சில நாளில் இன்னொரு தொகுதி, மார்ச் இறுதியில் மற்றொன்று, மொத்தம் சுமார் 26 லட்சம் கார்கள். கடைசித் தொகுதி ஏன் வந்தது என்றால், பழைய ஸ்விட்சுகள் உதிரிபாகமாகவும் விற்பனையாகியிருந்தன. நல்ல ஸ்விட்சோடு வந்த கார்களில் ரிப்பேருக்காகக் கெட்ட ஸ்விட்ச் ஏறியிருக்கலாம். எது எதில் ஏறியது என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அந்த மாறாத பார்ட் நம்பர் இப்படித்தான் வட்டியும் முதலுமாக வசூலித்தது.

எத்தனை பேர் இறந்தார்கள்? நிறுவனம் சொன்னது 13. இந்த எண்ணிக்கையை எப்படிப் போட்டார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். முன்பக்க மோதலாக இருக்க வேண்டும், ஏர்பேக் விரியாமல் போயிருக்க வேண்டும். அது மட்டும்தான் கணக்கு. விஸ்கான்சினில் இறந்த இருவரில் முன் இருக்கையில் இருந்த பெண் கணக்கில் உண்டு; பின் இருக்கையில் இருந்த பெண் இல்லை, அவருக்கு முன்னால் விரிய வேண்டிய ஏர்பேக் கிடையாதல்லவா. முழு உண்மையையும் வெளியே கொண்டுவந்த அந்த ஜார்ஜியா நர்ஸும் கணக்கில் இல்லை. அவருடையது பக்கவாட்டு மோதல்.

இழப்பீடு வழங்க கென்னத் ஃபைன்பெர்க் என்ற வழக்கறிஞரை நிறுவனமே நியமித்தது. 4,343 விண்ணப்பங்கள் வந்தன. அவர் ஏற்றுக்கொண்ட இறப்புகள் 124, காயங்கள் 275; கொடுத்தது சுமார் 59.5 கோடி டாலர். பதின்மூன்று எங்கே, நூற்று இருபத்துநான்கு எங்கே. எண்ணுகிறவரின் விதி மாறியது, அவ்வளவுதான்.

2014 ஜூனில் முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வலுக்காஸ், நிறுவனம் கேட்டுக்கொண்டபடி, ஒரு நீண்ட அறிக்கை கொடுத்தார். அதில் வரும் இரண்டு அங்க அசைவுகள் பிரபலமாகிவிட்டன. ஒன்று, கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டு, வெளியே போனதும் யாரும் எதையும் செய்யாத தலையாட்டல். மற்றது, கைகளைக் குறுக்கே கட்டி ஆள்காட்டி விரல்களால் இரு பக்கத்தவரையும் காட்டும் 'சல்யூட்'. நம்மூர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. பதினைந்து பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

அரசு விதித்த அபராதம் 3.5 கோடி டாலர்; அன்றைய சட்டம் அனுமதித்த உச்சம் அது. அந்த உடன்படிக்கையோடு வெளிவந்த தாள்களில் 2008-ஆம் ஆண்டுப் பயிற்சிக் குறிப்பு ஒன்று இருந்தது: அறிக்கைகளில் எந்தச் சொற்களை எழுதக் கூடாது என்று ஊழியர்களுக்குப் பாடம். 'குறைபாடு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி செயல்படவில்லை' என்று எழுது. 'பிரச்சினை' என்று எழுதாதே, 'நிலை' என்று எழுது. பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலை இங்கே பேனாவின் நுனிக்கே வந்துவிட்டது. 2015-இல் குற்றவியல் விசாரணையை முடித்துக்கொள்ள நிறுவனம் 90 கோடி டாலர் கட்டியது. தனிநபர் யாரும் சிறைக்குப் போகவில்லை.

தனிநபர் தண்டனை பெற்றது வேறு இடத்தில். டெக்சாஸில் 2004-இல் சாட்டர்ன் அயான் ஓட்டிய ஓர் இளம்பெண்ணின் கார் மரத்தில் மோதி, பக்கத்தில் இருந்த அவருடைய வருங்காலக் கணவர் இறந்தார். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு. 2007-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்குச் சில மாதம் முன்பே, மின்சாரம் நின்றதே விபத்துக்குக் காரணமாகத் தெரிகிறது என்று நிறுவனத்தின் உள் ஆய்வு முடிவுக்கு வந்திருந்தது. அவருக்கும் நீதிமன்றத்துக்கும் அதை யாரும் சொல்லவில்லை. 2014 நவம்பரில்தான் நீதிபதி அந்தத் தண்டனையை நீக்கினார்.

இனி நம் பக்கம் ஒரு வார்த்தை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடப்பில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. உரிமையாளர்கள் இணையத்தில் புகார் பதியலாம். ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டு இத்தனை புகார் வந்தால் நடவடிக்கை என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு வேண்டும்தான். ஆனால் கோபால்ட் கதையைக் கேட்ட நமக்கு உடனே ஒரு கேள்வி வரும்: 'வண்டி நின்றது' என்று ஒருவர், 'ஸ்டியரிங் இறுகியது' என்று ஒருவர், 'ஏர்பேக் விரியவில்லை' என்று ஒருவர் பதிந்தால், அது மூன்று குறைகளுக்கு ஒவ்வொரு புகாரா, ஒரே குறைக்கு மூன்று புகாரா? முடிவு செய்கிற மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்?

அதற்கு விடை கிடைக்கும்வரை நாம் செய்யக்கூடியது, புகாரை அறிகுறிகளோடு முழுசாக எழுதுவது. 'வண்டி சரியில்லை' என்று எழுதினால் அது வசதிப் பெட்டிக்குத்தான் போகும். எத்தனை வேகத்தில் போனீர்கள், சாலை எப்படி இருந்தது, சாவி எந்த நிலையில் நின்றது, எந்தெந்த விளக்குகள் அணைந்தன, ஸ்டியரிங்கும் பிரேக்கும் என்ன ஆயின, மறுபடி ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் பிடித்தது என்று எழுதுங்கள். சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வேலைச் சீட்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்குங்கள். ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று சொன்னால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி வீட்டில் போட்டு வையுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.